பதினாறு மாதம் மீதமிருக்கும் கேப்டனுக்கு

கேள்வி:

ஐயா, எனக்கு 63 வயது 8 மாதம் ஆகிறது. சொந்த ஊர் சேலம், அஸ்தம்பட்டி. முப்பத்தைந்து ஆண்டுகளாக விமானியாக இருக்கிறேன். இப்போது ஏர்பஸ் ஏ320 விமானத்தில் கேப்டன். இன்னும் பதினாறு மாதத்தில் 65 முடிந்து ஓய்வு பெற வேண்டும். சென்ற சிமுலேட்டர் சோதனையில், ஒரு எஞ்சின் நின்ற நிலையில் இறங்கி வந்து, ஓடுபாதை தெரியாமல் மீண்டும் மேலேறும் கட்டத்தில், சக்கரங்களை உள்ளிழுக்கச் சொல்ல மறந்துவிட்டேன். பக்கத்தில் இருந்த பையன் நினைவூட்டினான். மறுபடியும் செய்து காட்டித் தேறினேன். யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து அதிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. 65 வரை பறப்பதா, மரியாதையோடு முன்பே நிறுத்திக்கொள்வதா என்று தெரியவில்லை. மனைவி இருபது ஆண்டுகளாகச் சேலம் வீட்டில்தான் இருக்கிறார். நான் ஓய்வு நாட்களில் வந்து போகிறவன். ஓய்வுக்குப் பின் ஏற்காட்டில் இருக்கலாமென்று ஒன்றரை ஏக்கர் காப்பித் தோட்டம் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். அவருக்கு அதில் அவ்வளவாக இஷ்டமில்லை. நீங்களும் கேப்டனாக இருந்து ஏற்காட்டில் குடியேறியவர் என்பதால் கேட்கிறேன்: தலைக்கு மேல் விமானச் சத்தம் கேட்கும்போது உங்களுக்கு என்ன தோன்றும்?

ஒரு வாசகர், சேலம்

பதில்:

அன்புள்ள கேப்டன் அவர்களுக்கு,

வீடு, தோட்டம், கடைசி நாள் என்று பலவற்றைக் கேட்டிருக்கிறீர்கள். அவையெல்லாம் பகல் நேரத்துக் கேள்விகள். உங்களை மூன்று மணிக்கு எழுப்பி உட்கார வைப்பது அந்தச் சக்கர விஷயம்தான் என்று எனக்குப் படுவதால், அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒற்றை எஞ்சினில் கோ-அரவுண்ட் செய்யும்போது, அதாவது இறங்காமல் மீண்டும் மேலேறும்போது, சக்கரத்தை மறப்பது முப்பது வயதுக்காரருக்கும் நேர்கிற தவறு. ஒரு பக்கமாக இழுக்கும் விமானத்தைக் காலால் நேர்ப்படுத்த வேண்டும், மூக்கை உயர்த்த வேண்டும், விமானம் மேலேறுகிறது என்று துணை விமானி அறிவித்ததும் சக்கரத்தை உள்ளிழுக்கச் சொல்ல வேண்டும். இவ்வளவும் சில விநாடிகளுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுவதால், கையும் காலும் செய்வதில் மூழ்கி வாய் நின்றுவிடுகிறது. என் 41ஆவது வயதில் நானும் இதையே செய்தேன். சோதித்தவர் ஒரு தேநீர் முடிந்து இரண்டாவது தேநீர் வரும்வரை என்னை விடவில்லை. ஆனாலும் அன்றிரவு நன்றாகத் தூங்கினேன். நம் இருவருடைய தவறும் ஒன்றேதான். எனக்கு அது ஒரு மோசமான நாளாகத் தெரிந்தது, உங்களுக்கு அது வயதாகத் தெரிகிறது.

இரண்டில் எது உண்மை என்பதை மூன்று மணிக்குப் படுக்கையில் கிடந்து கண்டுபிடிக்க முடியாது. அதற்குக் காகிதம் இருக்கிறது. உங்கள் பயிற்சிப் பிரிவில் கேட்டு, கடந்த ஐந்தாண்டுகளின் சோதனை அறிக்கைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு இரண்டு வீதம் பத்து இருக்கும். மதிப்பெண் கட்டங்களை விட்டுவிட்டு, சோதித்தவர்கள் எழுதிய குறிப்புகளை மட்டும் தேதி வரிசையில், ஒரே அமர்வில், யாரோ ஒருவருடைய கோப்பைப் படிப்பதுபோல் படியுங்கள். ஒருவர் எழுதியதை மனத்தில் வைத்து மற்றவர் எழுதுவதில்லை. அப்படியிருக்க, "தாமதம்", "நினைவூட்ட வேண்டியிருந்தது", "துணை விமானி சுட்டிக்காட்டிய பிறகு" என்ற சாயலில் மூன்று வெவ்வேறு கைகள் எழுதியிருந்தால், அது ஒரு நாளின் தவறு என்று சொல்ல முடியாது. உங்கள் பறப்புகளின் தரவையெல்லாம் பாதுகாப்புப் பிரிவு பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. ஓடுபாதையில் சக்கரம் தொடும் இடம் ஆண்டுக்காண்டு தள்ளிப் போகிறதா என்று அவர்களிடமே கேளுங்கள். ஒரு மூத்த கேப்டன் தாமாக வந்து இதைக் கேட்டால் அவர்கள் ஒரு நொடி திகைப்பார்கள், பிறகு மதிப்பார்கள்.

இவற்றைப் பார்த்த பிறகு எடுக்கும் முடிவுக்கு ஒரு தேதி வையுங்கள். புறப்பாட்டின்போது, அதற்குமேல் புறப்பாட்டைக் கைவிடக் கூடாது என்ற வி-ஒன் வேகம் வரும்வரை, துணை விமானி ஓட்டினாலும், கேப்டனின் கை எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ரஸ்ட் லீவர்மேல் இருக்க வேண்டும் என்பதும், அந்த வேகம் வந்தவுடன் கையை எடுத்துவிட வேண்டும் என்பதும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஏதோ ஒரு சத்தத்துக்குப் பயந்து கை தானாக லீவரைப் பின்னிழுத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்தப் பழக்கம். உங்கள் அடுத்த சிமுலேட்டர் சோதனையின் நாளை வி-ஒன்னாக வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை நிறுத்துவதைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் யோசிக்கலாம். அறிக்கைகள் சுத்தமாக இருந்து, அந்தச் சோதனையும் சரியாகப் போனால், கையை எடுத்துவிட்டு 65 வரை பறந்துவிடுங்கள். பிறகு ஒவ்வொரு விடியற்காலையும் அதே கேள்வியைத் திறக்காதீர்கள். அறிக்கைகள் வேறு மாதிரி இருந்தால், யாரும் சொல்வதற்கு முன் நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள். பதினாறு மாதச் சம்பளம் பெரிய தொகைதான். ஆனாலும் இதில் எனக்குத் தயக்கமில்லை.

65 என்ற எண்ணை உங்கள் உடம்பின்மேல் எழுதப்பட்ட தீர்ப்பாக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். அமெரிக்காவில் 1959இல் வகுத்த 60 என்ற வரம்பு ஏறத்தாழ அரை நூற்றாண்டு அப்படியே இருந்து, 2007 டிசம்பரில்தான் 65 ஆயிற்று. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2006 நவம்பரில் 65க்கு உயர்த்தியபோது, 60ஐத் தாண்டியவருக்குப் பக்கத்தில் 60க்குக் குறைந்தவர் இருந்தாக வேண்டும் என்று ஒரு நிபந்தனை வைத்தது. 2014 நவம்பரில் அதையும் எடுத்துவிட்டது. நான் 60ஐ எட்டியது அதற்கு அடுத்த ஆண்டு என்பதால் அந்தச் சங்கடத்திலிருந்து தப்பினேன். எனக்கு முன்பிருந்தவர்கள், "சார், உங்களுக்கு இன்னும் ஐம்பத்தொன்பதுதானே?" என்று ரோஸ்டர், அதாவது பணி அட்டவணை, போடும் பிள்ளைகள் கேட்பதைச் சகித்துக்கொண்டு பறந்தார்கள். 67 ஆக்க வேண்டும் என்ற பேச்சும் இப்போது அடிபடுகிறது. அதை நம்பி எந்தத் திட்டத்தையும் தள்ளிப்போடாதீர்கள்.

கடைசிப் பறப்பைப் பற்றி நான் அனுபவத்தில் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. எனக்கு 2020 ஏப்ரலில் 65 முடிய இருந்தது. ஏப்ரல் முதல் வாரத்தில் சென்னையிலிருந்து கோயம்புத்தூருக்கு ஒரு பறப்பைக் கேட்டு வாங்கி, சேலத்திலிருந்து தம்பி குடும்பம், அக்கா குடும்பம் என்று பதினொரு பேருக்குப் பயணச்சீட்டும் எடுத்து, தீயணைப்பு வண்டிகள் இருபுறமும் தண்ணீர் பீய்ச்சும் அந்த மரியாதைக்கும் ஏற்பாடு பேசி வைத்திருந்தேன். மார்ச் 25 முதல் உள்நாட்டுப் பயணிகள் விமானங்கள் அத்தனையும் நின்றன. மீண்டும் தொடங்கியது மே 25இல். அதற்குள் நான் முன்னாள் விமானி ஆகிவிட்டேன்.

ஆகவே என் கடைசிப் பறப்பு மார்ச் 20, வெள்ளிக்கிழமை இரவு, கொல்கத்தாவிலிருந்து சென்னைக்கு வந்தது. அது கடைசி என்று அன்று எனக்குத் தெரியாது. போகும்போது நான் ஓட்டியதால், முறைப்படி திரும்பும்போது துணை விமானியின் முறை. ஈரோட்டுப் பெண், பாதி காலியான விமானத்தைக் கொஞ்சம் அழுத்தமாகவே தரையிறக்கினாள். தரையிறங்கிய விமானத்தை நான் என் கைக்கு வாங்கி, ஓட்டி வந்து, நிறுத்துமிடத்தில் பார்க்கிங் பிரேக் போட்டு, எஞ்சின் ஸ்விட்சுகளை ஒன்றன்பின் ஒன்றாக அணைத்தேன். எஞ்சின் தணியும் சத்தம் முடிவதற்குள் மறுநாள் ரோஸ்டரைப் பற்றி ஏதோ பேசிக்கொண்டிருந்தோம். அதுதான் கடைசி என்று தெரிந்ததும், கடைசித் தரையிறக்கத்தை யாருக்கோ கொடுத்துவிட்டேனே என்று இரண்டு ஆண்டுகள் மனம் ஆறவில்லை. அந்தப் பெண்ணே விவரம் அறிந்து தொலைபேசியில் அழைத்து, "சார், தெரிந்திருந்தால் உங்களிடம் கொடுத்திருப்பேனே" என்று வருந்தினாள். "இறக்கியது நீ, நிறுத்தியது நான், கணக்கு சரியாகிவிட்டது" என்று அவளிடம் சொல்லிவிட்டு, வைத்த பிறகு நெடுநேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன்.

உங்களுக்கு ஒரு பெருந்தொற்று வர வேண்டியதில்லை. ஒரு சளி, ஒரு மூடுபனி, விமானத்தில் ஒரு சிறு பழுது போதும், கடைசி நாள் கைநழுவிப் போவதற்கு. எனவே விழாவை அந்த நாளுக்கென்று சேர்த்து வைக்காதீர்கள். நான்கைந்து மாதம் முன்பே, சாதாரணமான ஒரு பகல் பறப்பில், உங்கள் துணைவியாரைப் பயணியாக ஏற்றிக்கொண்டு போய் வாருங்கள். முப்பத்தைந்து ஆண்டுகளில் அவர் உங்களோடு எத்தனை முறை அப்படி வந்திருக்கிறார் என்று எண்ணிப் பார்த்தால், எனக்கு வந்ததுபோல் உங்களுக்கும் ஒற்றை இலக்கத்தில்தான் விடை வரக்கூடும்.

இனி, ஓய்வுக்குப் பின் உண்மையில் எது போய்விடும் என்பதைச் சொல்கிறேன். ஆகாயம் போய்விடும் என்று எல்லோரும் அனுதாபப்படுவார்கள். ஆகாயத்தை நான் அவ்வளவாகத் தேடவில்லை. நான் தேடியது, என்னைச் சோதிக்கும் ஆட்களை. நம் பிழைப்பைச் சற்று எண்ணிப் பாருங்கள்: ஆறு மாதத்துக்கு ஒரு சிமுலேட்டர், 60ஐத் தாண்டிய பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு மருத்துவப் பரிசோதனை, ஒவ்வொரு பணிநாளிலும் முதல் பறப்புக்கு முன்பு மது அருந்தியிருக்கிறோமா என்று ஊதிக் காட்டும் பிரீத் அனலைசர், பறக்கும்போது உயரமோ வேகமோ கொஞ்சம் விலகினாலும் பக்கத்திலிருப்பவர் வாய்விட்டுச் சொல்வார், நாம் "செக்" என்று பதில் சொல்லித் திருத்துவோம். முப்பத்தைந்து ஆண்டுகள் இப்படி ஒரு வேலிக்குள் வாழ்ந்தவனுடைய ஒழுங்கில் எவ்வளவு அவனுடையது, எவ்வளவு வேலியுடையது என்பது வேலி போன பிறகுதான் தெரியவரும். என் விஷயத்தில் வேலியின் பங்கு நான் நினைத்ததைவிட அதிகமாக இருந்தது.

மருத்துவரிடம் பொய் சொல்வது அதில் முதலாவது. நம் தொழிலில் யாரும் அதைப் பொய் என்று சொல்வதில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வது என்போம். இடுப்பு வலி, தூக்கமின்மை, காதில் ரீங்காரம் எதுவும் உரிமத்தைத் தொட்டுவிடலாம் என்ற பயத்தில், பெங்களூரு விமான மருத்துவ நிலையத்தின் வாசலிலேயே நமக்கு எல்லாம் குணமாகிவிடும். எனக்கு 66 வயதில், தோட்டத்து மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்கத் தொடங்கியது. ஐந்து மாதம் யாரிடமும் சொல்லவில்லை. கடைசியில் மருத்துவரிடம் போய் உட்கார்ந்தபோது, "எத்தனை நாளாக?" என்று அவர் கேட்டார். "ரெண்டு நாளா" என்றது என் வாய். பறிபோவதற்கு உரிமம் எதுவும் கையில் இல்லை; ஆனாலும் வாய் அப்படித்தான் சொன்னது. பக்கத்தில் நின்ற என் மனைவி, "மாரியம்மன் பண்டிகையிலிருந்து" என்றார். கோட்டை மாரியம்மனுக்கு ஆடியில் பண்டிகை. நாங்கள் மருத்துவரிடம் போனது மார்கழியில். இரத்தக்குழாயில் ஒரு அடைப்பு இருந்தது, ஸ்டென்ட் வைத்தார்கள். இன்னும் இரண்டு மாதம் மறைத்திருந்தால் இந்தப் பதிலை எழுத ஆள் இருந்திருக்காது என்று மருத்துவர் சொன்னார். அவர் கொஞ்சம் மிகைப்படுத்துகிறவர்தான், என்றாலும் முழுதும் மிகையென்று தோன்றவில்லை.

ஆகையால் பணியில் இருக்கும்போதே, முதல் பரிசோதனையிலிருந்து இன்றுவரை உள்ள இசிஜி, செவித்திறன் அறிக்கை, இரத்தப் பரிசோதனை முடிவுகள் அனைத்தின் நகலையும் வாங்கிச் சேர்த்துவிடுங்கள். முப்பத்தைந்து ஆண்டு உடல்நலக் குறிப்பு சாதாரண மனிதர் யாரிடமும் இருக்காது. சேலத்தில் உங்களுக்குப் பிடித்த ஒரு மருத்துவரைத் தேர்ந்து, அந்தக் கட்டை அவரிடம் கொடுத்து, ஆறு மாதத்துக்கு ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். உள்ளே போகும்போது துணைவியாரையும் அழைத்துப் போங்கள். காரணம் மேலே சொல்லியிருக்கிறேன்.

மதுவைப் பற்றியும் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேட்காவிட்டாலும். பறப்பதற்கு முன் 12 மணி நேரம் தொடக் கூடாது என்ற விதியும், ஊதிக் காட்டும் குழாயும், பிடிபட்டால் முதல் முறையே மூன்று மாதம் உரிமம் முடக்கப்படும் என்ற அச்சமும் நம்மில் பலரை நல்லவர்களாக வைத்திருந்தன. ஏற்காட்டில் மாலை ஆறு மணிக்குப் பனி இறங்கும், குளிரும், பக்கத்து எஸ்டேட்டில் விருந்தோம்பும் நண்பர்கள் இருப்பார்கள், மறுநாள் ஊதச் சொல்ல யாரும் வரமாட்டார்கள். முதல் ஆண்டில் வாரம் ஒரு நாள் என்பது எனக்கு நான்கு நாளாயிற்று. இப்போது எனக்கு ஒரு கற்பனை ரோஸ்டர் இருக்கிறது. திங்கள் முதல் வியாழன்வரை நான் பறக்கிறேன்.

தூக்கத்துக்கு உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டாம். விடியற்காலை 2 மணி முதல் 6 மணிவரை உடல் மிகவும் தாழ்ந்து கிடக்கும் நேரம் என்று நம் பணிநேர விதிகளே சொல்கின்றன. அந்த நேரத்தில்தான் பாதி வாழ்நாளை நாம் விழித்துக் கழித்திருக்கிறோம். நாள்தோறும் ஒரே நேரத்துக்கு எழுந்து காலை வெயிலில் நடந்ததில், எனக்கு அது ஒழுங்காக ஓராண்டு பிடித்தது.

வீட்டுக்கு வருகிறேன். இருபது ஆண்டுகளாக அந்த வீட்டை நடத்தி வருபவர் உங்கள் துணைவியார். பால், மளிகை, மின்கட்டணம், சொந்தபந்தத்தில் யாருக்கு எவ்வளவு மொய் என்பதுவரை அவர் கையில் இருக்கிறது. விருந்தாளியாக வந்துபோனவர் ஒரு நாள் காலையில் பெட்டியோடு வந்து, நிரந்தரமாக உட்காரப் போகிறார். நான் வந்த முதல் மாதத்தில் செய்ததைக் கேளுங்கள்: அடுக்களையில் இருந்த டப்பாக்கள் அனைத்துக்கும் பெயர் எழுதி ஒட்டினேன், வெளியே கிளம்பும்போது கேஸ், மோட்டார், இன்வெர்ட்டர், பின்கதவு என்று சரிபார்க்க ஒரு பட்டியல் எழுதி வாசற்படியருகே மாட்டினேன். டப்பாவின் காகிதங்கள் இரண்டே நாளில் ஊறவைத்து உரிக்கப்பட்டன. வாசல் பட்டியல் மட்டும் இன்னும் இருக்கிறது. எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்பதை அதிலிருந்து கற்றுக்கொண்டேன். உங்களுக்கு மீதமிருக்கும் பதினாறு மாதத்தில், ஓய்வு நாட்களிலாவது ஒரு வேலையை, முழுதாக ஒன்றே ஒன்றை, அவரிடமிருந்து கேட்டு வாங்கிச் செய்து பழகுங்கள். அவர் எப்படிச் செய்கிறாரோ அப்படியே செய்யுங்கள். திருத்தம் சொல்லத் தோன்றும், ஓராண்டுக்கு வேண்டாம்.

ஏற்காட்டு நிலத்தைப் பொறுத்தவரை, இப்போதே வாங்காதீர்கள் என்பது என் பதில். நானே இங்கே இருந்துகொண்டு இப்படிச் சொல்வது விந்தையாகத் தோன்றலாம். மேலேயிருந்து நாம் பார்த்த ஏற்காடு வேறு. கீழே மேக்னசைட் சுரங்கங்களின் வெள்ளைத் திட்டு தெரியும், மேற்கே மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பு மின்னும், நடுவில் சேர்வராயன் மலை ஒரு பச்சைப் போர்வையாகக் கிடக்கும். ஒன்றரை, இரண்டு நிமிடத்தில் அது கடந்துவிடும். அந்த மலைக்கே அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறித்தான் வர வேண்டும். சேலத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர்தான் என்றாலும், மூடுபனியும் காட்டெருமையும் உள்ள இரவில், நெஞ்சு வலியோடு இறங்க வேண்டியிருந்தால் அது நீண்ட தூரம். உங்கள் துணைவியார் தயங்குவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

காப்பியும் தொலைவிலிருந்து பார்க்க அழகு. மாசி, பங்குனியில் ஒரு நல்ல மழை விழுந்தால், எட்டு பத்து நாளில் தோட்டம் முழுவதும் வெள்ளையாகப் பூத்து மல்லிகைபோல் மணக்கும். அந்த வாரத்தில் யாராவது நிலத்தைக் காட்டினால் எவரும் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். அந்த மழை தவறினால் அவ்வாண்டு விளைச்சலும் தவறும். அராபிகா செடியில் நிழல் குறைந்தால் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்ற பூச்சி வரும். நிழல் கூடினால் காய்ப்பு குறையும். ஒரு ஆண்டு காய்த்தால் மறு ஆண்டு இளைக்கும். ஒன்றரை ஏக்கரில் சில்வர் ஓக் மரத்தில் ஏற்றிய மிளகு கொஞ்சம் கைகொடுக்கலாம். கூலி, உரம், கவாத்துச் செலவு போக வருமானம் என்று ஒன்றை எதிர்பார்க்க வேண்டாம். முதலில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, ஒரு மழைக்காலமும் ஒரு பழம் எடுப்பும் இருந்து பாருங்கள். கார்த்திகையிலிருந்து தைவரை எந்தத் தோட்டத்திலும் ஆள் தேவைப்படும். நீங்கள் போய் நின்றால் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள்.

நான் முதல் ஆண்டு கூடையைக் கட்டிக்கொண்டு இறங்கியபோது, எங்கள் மேஸ்திரி அம்மா மதியம் வந்து என் கூடைக்குள் கையை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்பினார். சிவந்த பழங்களுக்கு நடுவே பச்சைக் காய் ஐந்தோ ஆறோ இருந்தன. ஒன்றும் பேசாமல், அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கி என் கையில் வைத்துவிட்டுப் போனார். எத்தனையோ பேர் என்னைச் சோதித்திருக்கிறார்கள், அவ்வளவு சுருக்கமான அறிக்கையை நான் வாங்கியதில்லை. அன்றிரவு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஏனென்று மனைவி கேட்டதற்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

பண விஷயம் சுருக்கமாக. தனியார் நிறுவன விமானிக்கு வருங்கால வைப்பு நிதியின் ஓய்வூதியம் மாதம் சில ஆயிரம்தான். பணிக்கொடையில் 20 லட்சம் வரைதான் வரிவிலக்கு. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் பெயரில் 30 லட்சம் வரை போடலாம். உரிமம் போனால் பணம் தரும் காப்பீடு உரிமத்தோடு முடியும். ஓய்வுக்குப் பின் மாதம் எவ்வளவு வரும் என்று கணக்கிட்டு, அடுத்த மாதமே அந்தத் தொகையில் குடும்பம் நடத்திப் பாருங்கள். மிச்சச் சம்பளத்தைத் தொடாமல் ஒதுக்குங்கள். நமக்குப் பழகிய சிமுலேட்டர் முறைதான் அது. தவறு செய்தாலும் யாருக்கும் அடிபடாது.

பறப்பே வேண்டும் என்று தோன்றினால், 65 என்ற வரம்பு வணிகப் போக்குவரத்துக்குத்தான். சிமுலேட்டர் தரையைவிட்டு எழும்புவதில்லை. அங்கே பயிற்றுவிப்பதற்கு வேறு தகுதி விதிகள் உண்டு, பயிற்சிப் பிரிவில் இப்போதே விசாரித்துப் பெயர் கொடுத்து வையுங்கள். சக்கரத்தை மறந்த கேப்டன் சக்கரத்தை மறக்கும் பிள்ளைகளுக்கு நல்ல ஆசிரியராக இருப்பார் என்பது என் அனுபவம். தனியார் விமானி உரிமத்துக்கு, அதற்குரிய மருத்துவத் தகுதி இருந்தால் போதும், வயது உச்சவரம்பு கிடையாது. 1929இல் இந்தியாவின் முதல் விமானி உரிமம் பெற்ற ஜே.ஆர்.டி. டாட்டா, 1932 அக்டோபர் 15இல் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் ஏற்றி வந்த அந்தப் பயணத்தை, சரியாக ஐம்பது ஆண்டு கழித்துச் சிறிய லெபர்ட் மாத் விமானத்தில் திரும்பவும் ஓட்டிக் காட்டியபோது அவருக்கு வயது 78.

கடைசியாகக் கேட்டிருந்தீர்கள், விமானச் சத்தம் கேட்டால் என்ன தோன்றும் என்று. முதல் இரண்டு ஆண்டுகள் உடனே மணியைப் பார்ப்பேன். உயரத்தையும் திசையையும் வைத்து, இது சென்னையிலிருந்து கொச்சிக்குப் போவது, இது சேலம் விமான நிலையம் உள்ள கமலாபுரத்தில் இறங்கப் போகும் சிறிய ஏடிஆர் விமானம் என்று மனைவியிடம் சொல்வேன்; அவர் கேட்டதே இல்லை. இப்போது மணி பார்ப்பதில்லை. பழம் எடுக்கும் நாட்களில், கை கிளைக்கும் கூடைக்கும் நடுவில் இருக்கும்போது மேலே சத்தம் வந்தால், தலை மட்டும் தானாக நிமிரும், கை அப்படியே நின்றுவிடும். நான்கு வரிசை தள்ளி நிற்கும் மேஸ்திரி அம்மா, செடிகளுக்கு மேலாக, "சார், கூடை" என்பார். "செக்" என்று வாய்வரை வந்துவிடும்.